வீரா ஹீராநந்தானியின் கதைகள்: எல்லாரும் என்னிடம் கேட்கும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பில் பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கொஞ்ச காலமாக அதிகம் கைமாறும் புத்தகம் வீரா ஹீராநந்தானியின் 'தி நைட் டைரி', 1947 பிரிவினையைப் பற்றிய சிறுவர் நாவல். பிள்ளைகள் படித்துவிட்டுப் பேசாமல் திருப்பித் தந்துவிடுகிறார்கள், கேள்வி கேட்பதெல்லாம் அம்மா அப்பாக்களும் தாத்தாக்களும்தான், அதுவும் மாற்றி மாற்றி அதே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டித் தட்டி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே எழுதிவைக்கிறேன். கதை முன்கூட்டியே தெரியக்கூடாது என்பவர்கள் புத்தகத்தை முடித்துவிட்டு வாருங்கள், கீழே முடிவு வரைக்கும் போட்டு உடைத்திருக்கிறேன்.

யாருங்க இந்த வீரா ஹீராநந்தானி? பேரைப் பார்த்தா பம்பாய்க்காரங்க மாதிரி இருக்கு.

அமெரிக்கக் குழந்தை எழுத்தாளர். கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் வளர்ந்தவர். பெயர் சிந்திப் பெயர், அத்வானி, கிருபளானி மாதிரி. அப்பா சிந்து மாகாணத்தில் பிறந்த இந்து, பிற்பாடு அமெரிக்காவுக்குப் போனவர். அம்மா அமெரிக்க யூதர். ஆக வீட்டுக்குள்ளேயே இரண்டு மதம், இரண்டு கண்டம்.

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்காக அவர் எழுதிய நாவல்களில் நான்கு முக்கியமானவை. 2012ல் 'தி ஹோல் ஸ்டோரி ஆஃப் ஹாஃப் எ கேர்ள்', 2018ல் 'தி நைட் டைரி', 2021ல் 'ஹவ் டு ஃபைண்ட் வாட் யூ ஆர் நாட் லுக்கிங் ஃபார்', 2024ல் 'அமில் அண்ட் தி ஆஃப்டர்'. நைட் டைரிக்கு 2019ல் நியூபெரி ஹானர் கிடைத்தது. அமெரிக்க நூலகச் சங்கம் 1922லிருந்து கொடுத்துவரும் விருது அது, குழந்தை இலக்கியத்தில் அங்கே அதற்குத்தான் பெரிய மரியாதை, ஹானர் என்பது முதல் பரிசுக்கு அடுத்த வரிசை.

நைட் டைரி என்ன கதை? ரெண்டு வரில சொல்லுங்க, படிக்க நேரமில்ல.

இரண்டு வரியில் முடியாது. 1947 ஜூலை 14, சிந்துவில் மீர்பூர் காஸ் என்ற ஊர். நிஷாவுக்கும் அவளோடு இரட்டையாகப் பிறந்த அமிலுக்கும் அன்று பன்னிரண்டு வயது ஆகிறது. வீட்டுச் சமையல்காரர் காஸி நிஷாவுக்கு ஒரு நாட்குறிப்பைப் பரிசாகக் கொடுக்கிறார், அவள் அதில் தினம் ராத்திரி அம்மாவுக்குக் கடிதம் எழுதுகிறாள். அம்மா இவர்களைப் பெற்றபோதே இறந்துபோனவர். அம்மா முஸ்லிம், அப்பா இந்து, ஊரில் டாக்டர். நாடு பிரிகிறது. ஊர் பாகிஸ்தானுக்குப் போகிறது. அப்பா, பாட்டி, இரண்டு பிள்ளைகள், நாலு பேரும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஜோத்பூரை நோக்கிக் கிளம்புகிறார்கள். காஸி முஸ்லிம் என்பதால் கூட வர முடியாது.

வழியில் பாலைவனம், தண்ணீர் இல்லை, அமில் சாகக்கிடக்கிறான். நடுவில் உமர்கோட்டில் அம்மாவின் சகோதரர் ரஷீத் மாமா இவர்களை வீட்டுக்குள் ஒளித்துவைக்கிறார். கடைசிப் பகுதி ரயிலில். ஜூலையில் தொடங்கும் நாட்குறிப்பு நவம்பரில் முடிந்துவிடும், நாலு மாதக் கதைதான்.

இது உண்மைக் கதையா? பின்னட்டையில குடும்ப வரலாறுன்னு ஏதோ போட்டிருக்கே?

பாதை உண்மை, பயணிகள் கற்பனை. ஆசிரியரின் அப்பா குடும்பம் உண்மையிலேயே 1947ல் மீர்பூர் காஸிலிருந்து எல்லையைக் கடந்து ஜோத்பூருக்கு வந்தது. வீடு போயிற்று, சாமான்கள் போயின, தெரியாத ஊரில் அகதிகளாக முதலிலிருந்து தொடங்கினார்கள். ஆனால் உயிரோடு வந்து சேர்ந்தார்கள். நிஷா, அமில், காஸி, ரஷீத் மாமா இவர்களெல்லாம் எழுதும்போது பிறந்தவர்கள். கத்தியோடு வந்து மிரட்டும் ஆளும், தாகத்தில் மயங்கும் பையனும் அந்தக் காலத்தில் நடந்த பல பேருடைய அனுபவங்களிலிருந்து வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தைப் புத்தகத்தின் கடைசியில் ஆசிரியர் தனிக் குறிப்பாகவே சொல்லிவிடுகிறார், அதைப் பிள்ளைகள் தாண்டிவிடுவார்கள், நீங்களாவது உட்கார்த்தி வைத்துப் படித்துக் காட்டுங்கள்.

அப்போ அம்மாவை எதுக்கு முஸ்லிமா மாத்தணும்? சும்மா ஒரு பரபரப்புக்கா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் எழுதப்போகிறேன், ஏனென்றால் புத்தகத்தின் சூட்சுமமே இங்கேதான் இருக்கிறது.

ஆசிரியரின் கையில் இரண்டு சரக்கு இருந்தது. ஒன்று, அப்பா வழியில் வந்த பயணக் கதை. அதில் குடும்பம் முழுக்க இந்து, யார் எந்தப் பக்கம் என்பதில் குழப்பமே கிடையாது, இந்துக்கள் இந்தியாவுக்குக் கிளம்புகிறார்கள், அவ்வளவுதான். இன்னொன்று, ஆசிரியரின் சொந்தக் குழந்தைப்பருவம். பாதி யூதர், பாதி இந்து, எந்தக் கூட்டத்தில் போய் நின்றாலும் "நீ சரியாக யார்?" என்று கேட்கப்படுகிற நிலைமை. அந்தக் கேள்வி கனெக்டிகட்டில் வந்தால் மனசு சங்கடப்படும், அதோடு போயிற்று. அதே கேள்வி 1947 ஆகஸ்டில் சிந்துவில் வந்தால், பதிலைப் பொறுத்து வீடு போகும், உயிரும் போகலாம். ஆசிரியர் செய்தது என்னவென்றால் தன் கேள்வியை எடுத்துக்கொண்டுபோய் அப்பாவின் ஊரில் வைத்துவிட்டார். நிஷாவின் அம்மா முஸ்லிம் ஆனது அதனால்தான். அப்பா குடும்பத்தின் பாதையில் நடப்பது மகளின் மனசு.

இதை வைத்துக்கொண்டு படித்தால் சின்னச் சின்ன இடங்கள் எல்லாம் வேறு மாதிரித் தெரியும். கோடு கிழித்தால் தான் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று நிஷா அம்மாவிடம் கேட்கிறாள், செத்துப்போன அம்மா எப்படிப் பதில் சொல்வாள்? அப்பாவும் சொல்லமாட்டார், அவர் அதிகம் பேசாதவர், அம்மாவைப் பற்றி அறவே பேசாதவர். குடும்ப வரலாறு தெரிய வேண்டிய பிள்ளைக்குச் சொல்லவேண்டிய இரண்டு பேரும் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார்கள், பிள்ளை தானே எழுதி எழுதிக் கட்டிக்கொள்கிறது. என்னைக் கேட்டால் நிஷா செய்வதைத்தான் ஆசிரியரும் செய்திருக்கிறார்.

1930கள்ல இந்து முஸ்லிம் கல்யாணமா? நம்புற மாதிரி இல்லையே.

அபூர்வம், ஆனால் நடக்காதது இல்லை. சட்டம்தான் பெரிய முட்டுக்கட்டை. 1872ல் வந்த சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டுமென்றால் இருவரும் "நான் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவம் போன்ற எந்த மதத்தையும் சேர்ந்தவர் இல்லை" என்று எழுதிக்கொடுக்க வேண்டும். 1923ல் ஒரு திருத்தம் வந்து இந்து, பௌத்த, சீக்கிய, சமணர்கள் தங்களுக்குள் மதத்தைத் துறக்காமல் பதிவு செய்துகொள்ளலாம் என்றாயிற்று, ஆனால் இந்துவும் முஸ்லிமும் மதம் மாறாமல், மதத்தை மறுக்காமல் பதிவு செய்துகொள்ள 1954 சட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. நிஷாவின் பெற்றோர் என்ன செய்தார்கள் என்ற சட்ட நுணுக்கத்துக்குள் நாவல் போகவில்லை, போகவேண்டிய அவசியமும் இல்லை, சொல்வது ஒரு பன்னிரண்டு வயதுப் பெண். இரண்டு வீட்டாருக்கும் பிடிக்காத கல்யாணம் என்பது அவளுக்குத் தெரியும், அது போதும்.

சிந்துவைத்தான் பிரிக்கவே இல்லையே, அங்கே கலவரமும் பஞ்சாப் அளவுக்கு இல்ல. அப்புறம் ஏன் ஓடணும்? (ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் கேட்டது)

சார் சொல்வது சரி. பஞ்சாபும் வங்காளமும் நடுவில் வெட்டப்பட்டன, சிந்து முழுசாகப் பாகிஸ்தானுக்குப் போயிற்று. பிரிட்டிஷ் வழக்கறிஞர் ராட்கிளிஃப் கிழித்த எல்லைக் கோடு சுதந்திரத்துக்கு இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 17 அன்றுதான் வெளியானது, ஆனால் சிந்துக்காரர்களுக்கு அந்தச் சஸ்பென்ஸ் இல்லை. அங்கே இந்துக்கள் சுமார் கால்வாசிப் பேர், ஊர்ப்புறங்களைவிட நகரங்களில் அதிகம், வியாபாரம், வேலை, மருத்துவம் என்று வேரூன்றி இருந்தவர்கள். பலர் முதலில் கிளம்பவே இல்லை. இந்தப் பக்கத்திலிருந்து அகதிகளாகப் போன முஸ்லிம்கள் வந்து இறங்க இறங்க நிலைமை மாறியது, 1948 ஜனவரி 6 கராச்சிக் கலவரத்துக்குப் பிறகுதான் பெரும் கூட்டமாகக் கிளம்பினார்கள். கராச்சியிலிருந்து கப்பலில் பம்பாய், இல்லையென்றால் ரயிலில் ராஜஸ்தான். பம்பாய்க்குப் பக்கத்தில் கல்யாண் என்ற ஊரை ஒட்டிய ராணுவ முகாம்கள் அகதி முகாம்களாகி, பிறகு உல்லாஸ்நகர் என்ற ஊரே ஆனது.

நிஷா குடும்பம் கொஞ்சம் முன்னாலேயே, ஆகஸ்டிலேயே கிளம்பிவிடுகிறது. அவர்கள் ஊர் எல்லைக்குப் பக்கம். மீர்பூர் காஸிலிருந்து கோக்ராபார், முனாபாவ் வழியாக ஜோத்பூருக்குப் போகும் ரயில் பாதை பிரிட்டிஷ் காலத்திலிருந்தே உண்டு, தார் எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் 2006ல் திரும்ப வண்டி விட்டு 2019ல் நிறுத்தினார்களே, அதே தடம்தான். மற்றபடி மொத்தப் பிரிவினையில் இடம்பெயர்ந்தவர்கள் ஒரு கோடியைத் தாண்டும், செத்தவர்கள் கணக்கு இரண்டு லட்சம் என்பாரும் உண்டு, இருபது லட்சம் என்பாரும் உண்டு. சிந்துவில் ரத்தம் குறைவு என்பதால் இழப்பு குறைவு என்று ஆகிவிடாது. பஞ்சாபிக்குப் பாதிப் பஞ்சாபாவது இந்தப் பக்கம் மிஞ்சியது. சிந்திக்கு இந்தியாவில் சொந்த ஊர் என்று காட்ட ஒரு ஜில்லாகூட மிஞ்சவில்லை, மொழியை அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் சேர்க்கவே 1967 ஆயிற்று.

என் பொண்ணுக்கு ஒன்பது வயசு. வெட்டுக்குத்து எல்லாம் இருக்குமா? ராத்திரி பயந்துக்குவாளோ?

இருக்கிறது. பக்கம் பக்கமாக இல்லை, ஆனால் இருக்கிற இடத்தில் மூடிமறைக்கவில்லை. நிஷாவின் கழுத்தில் ஒருவன் கத்தியை வைக்கும் இடம் ஒன்று, ரயிலில் போகும்போது கண்ணெதிரே நடக்கும் கொலை ஒன்று. ஒன்பது வயசு என்றால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து படியுங்கள். பதினொன்று, பன்னிரண்டு ஆகிவிட்டால் தானே படிக்கட்டும்.

என் அனுபவத்தில் பிள்ளைகள் கத்திக்குப் பயப்படுவதில்லை, அதையெல்லாம் அவர்கள் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிவிட்டார்கள். தண்ணீர் தீரும் இடம்தான் அவர்களைப் பிடித்து உலுக்குகிறது.

நிஷா ஏன் வாயே திறக்கமாட்டேங்கிறா? அவளுக்கு ஏதாவது வியாதியா?

வியாதி என்று நாவல் பெயர் வைக்கவில்லை. வீட்டில் பேசுவாள், வெளியாரிடம் வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும், வராது. சில பிள்ளைகள் அப்படித்தான், எல்லா வகுப்பிலும் ஒன்று இருக்கும். ரயில் சம்பவத்துக்குப் பிறகு வீட்டிலும் பேசுவது நின்றுபோகிறது. இதே மாதிரி அமிலுக்குப் படிப்பு ஏறாது, எழுத்துகள் குதிக்கும், ஆனால் படம் அற்புதமாகப் போடுவான், டாக்டர் அப்பாவுக்கு அதனால் அவன்மேல் தீராத குறை. ஒருத்திக்குப் பேச்சு வராது எழுத்து வரும், ஒருத்தனுக்கு எழுத்து வராது படம் வரும்.

பேசாத பெண்ணுக்கு ஒரு தோழி கிடைக்கும் இடம் ஒன்று உண்டு. ரஷீத் மாமா வீட்டில் ஒளிந்திருக்கும்போது பக்கத்து வீட்டுச் சிறுமி ஹஃபாவை ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள், வெளியே தலைகாட்டக் கூடாது என்பது கட்டளை, ஆனாலும் திருட்டுத்தனமாகப் போய்ப் பழகிவிடுகிறாள். விஷயம் வெளியே தெரிந்து எல்லாரும் அவசரமாகக் கிளம்பவேண்டி வருகிறது. ஒரு குழந்தைக்குச் சிநேகிதம் வேண்டும் என்ற ஆசை மொத்தக் குடும்பத்தின் உயிருக்கு ஆபத்தாகிவிடுகிறது. ரஷீத் மாமாவுக்கும் பிறவியில் உதடு பிளந்திருப்பதால் பேச முடியாது, எழுதிக் காட்டுவார். பேசமுடியாத மாமாவும் பேசவராத மருமகளும் ஒரே வீட்டில். எனக்கு இந்த நாவலில் மிகவும் பிடித்த பகுதி அந்த வீடு.

புத்தகம் பூரா சமையலா இருக்கே? படிச்சா பசிக்குது, அதுக்காகக் கேட்கிறேன்.

நிஷாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைக்காத நிம்மதி அடுப்படியில் கிடைக்கிறது, காஸி பக்கத்தில் நின்று பருப்பு கடைவதும் மசாலா இடிப்பதும்தான் அவளுடைய உலகம். ஊரை விட்டுக் கிளம்பும்போது காஸியுடைய சின்ன உரலும் குழவியும் நிஷாவோடு போகிறது. கல் கனம், பாலைவனத்தில் தண்ணீர்ப் பாத்திரம் தூக்கவே தெம்பில்லை, அதில் இதுவும். பெரியவர்கள் யாரும் அதைப் பொட்டலம் கட்டச் சொல்லியிருக்கமாட்டார்கள். அகதிக் கதைகள் எதைக் கேட்டாலும் இப்படி ஒன்று வரும், நகையை மறந்துவிட்டு வந்தவர்கள் அரிவாள்மணையைக் கொண்டுவந்திருப்பார்கள்.

சிந்திச் சாப்பாடு எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு: பசலைக்கீரையும் கடலைப்பருப்பும் சேர்த்து வேகவைத்துக் கடைகிற சாய் பாஜி செய்து பாருங்கள், நம் கீரைக் கடைசலுக்குப் பழகிய நாக்குக்கு அந்நியமாக இருக்காது. மீர்பூர் காஸ் மாம்பழத்துக்குப் பேர்போன ஊர், சிந்திரி என்ற ஜாதி, அது இங்கே கிடைக்காது.

எங்க வீட்டுல அப்பா மலையாளி, அம்மா தமிழ், இருக்கிறது பெங்களூர்ல. பையனுக்கு எந்தப் புத்தகம் கொடுக்கலாம்?

முதல் நாவலைக் கொடுங்கள், 'தி ஹோல் ஸ்டோரி ஆஃப் ஹாஃப் எ கேர்ள்'. சோனியா நதமுனி என்ற பெண், அப்பா இந்தியர், அம்மா யூதர், கிட்டத்தட்ட ஆசிரியரின் வீட்டு அமைப்பேதான். அப்பாவுக்கு வேலை போகிறது, செலவு கட்டுப்படியாகாமல் சின்னத் தனியார் பள்ளியிலிருந்து பெரிய அரசுப் பள்ளிக்கு மாறுகிறாள். அங்கே சாப்பாட்டு நேரத்தில் கறுப்பினப் பிள்ளைகள் ஒரு மேஜை, வெள்ளைப் பிள்ளைகள் ஒரு மேஜை, இவள் தட்டை வைத்துக்கொண்டு நிற்கிறாள். எந்த மேஜையில் உட்காருவது? மேலே அம்மா முஸ்லிம் ஆன கதையைச் சொன்னேனே, அந்தக் கேள்வியின் முதல் வடிவம் இதுதான், இங்கே உயிர்ப்பயம் இல்லாமல்.

ஒரு எச்சரிக்கை. சோனியாவின் அப்பாவுக்கு மனச்சோர்வு வந்து, ஒரு கட்டத்தில் அவர் காணாமல் போகிறார், பிறகு ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அடையாளக் கதை என்று நினைத்து வாங்கியவர்களுக்கு அது எதிர்பாராத அடி. வீட்டில் அப்படி யாராவது கஷ்டப்படுகிறார்கள் என்றால் நீங்கள் முதலில் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். எழுத்தில் இது நைட் டைரி அளவுக்கு இறுக்கமில்லை, முதல் நாவல் என்பது தெரியும்.

1967 கதை ஒண்ணு இருக்காமே, அமெரிக்காவுல கல்யாணத்துக்குக்கூடவா தடை?

ஆமாம், அதுவும் அவ்வளவு சமீபத்தில். வெள்ளையர் வேறு இனத்தவரைக் கல்யாணம் செய்யக்கூடாது என்று பல மாநிலங்களில் சட்டமே இருந்தது. ரிச்சர்ட் லவிங் வெள்ளையர், மில்ட்ரெட் கறுப்பினப் பெண். 1958ல் வாஷிங்டனில் கல்யாணம் செய்துகொண்டு சொந்த ஊரான வர்ஜீனியாவுக்குத் திரும்பினார்கள், ராத்திரியில் போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போயிற்று. ஒரு வருடச் சிறை, ஆனால் இருபத்தைந்து வருடத்துக்கு மாநிலத்தை விட்டுப் போய்விட்டால் சிறை வேண்டாம் என்று தீர்ப்பு. அந்த வழக்குதான் உச்ச நீதிமன்றம் வரை போய் 1967 ஜூன் 12ல் எல்லா நீதிபதிகளும் ஒருமனதாக அந்தச் சட்டங்களை ரத்து செய்தார்கள். அன்றைக்கும் 16 மாநிலங்களில் அப்படிச் சட்டம் இருந்தது.

'ஹவ் டு ஃபைண்ட்...' அந்தக் கோடையில் நடக்கிறது. ஏரியல் என்ற யூதப் பெண்ணின் அக்கா லியா, இந்தியாவிலிருந்து வந்த ராஜ் என்ற இளைஞனைக் கல்யாணம் செய்துகொண்டு வீட்டை விட்டுப் போய்விடுகிறாள், ரொட்டிக்கடை நடத்தும் அப்பா அம்மா அவளைத் தலைமுழுகிவிடுகிறார்கள். கனெக்டிகட்டில் தடைச் சட்டம் கிடையாது, தடை வீட்டுக்குள் இருக்கிறது. அங்கே இந்தியர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? 1946 சட்டப்படி வருடத்துக்கு நூறு பேர்தான் குடியேறலாம், 1965ல்தான் அதை மாற்றி எழுதினார்கள். நைட் டைரி அப்பா பக்கத்துக் குடும்ப வரலாறு என்றால் இது ஆசிரியரின் பெற்றோர் சேர்ந்த கதையின் சாயல், ஆனால் தங்கையின் கண்ணால். முழுக்க "நீ போகிறாய், நீ பார்க்கிறாய்" என்று முன்னிலையில் எழுதியிருக்கிறார், முதல் இருபது பக்கம் எரிச்சலாக இருக்கும், பிறகு பழகிவிடும். 2022ல் யூதக் குழந்தை இலக்கியத்துக்கான சிட்னி டெய்லர் விருது இதற்குக் கிடைத்தது.

அமெரிக்காவுல பொறந்து வளர்ந்தவங்க நம்ம பிரிவினையைப் பத்தி எழுதலாமா? அவங்களுக்கு என்ன தெரியும்?

மதுரையில் பிறந்த எனக்கு மட்டும் என்ன தெரியும்? பிரிவினை என்றால் எனக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு அரைப் பக்கம். அவருக்கு அது அப்பா. மூன்றாவது கேள்விக்கான பதிலைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆனால் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. புத்தகம் அமெரிக்கப் பிள்ளைக்காக எழுதப்பட்டது, அதனால் நமக்குத் தெரிந்ததை எல்லாம் விளக்கிக்கொண்டே போகும், ரொட்டி என்றால் என்ன, காந்தி யார் என்கிற ரகம். நம் பிள்ளைகள் அந்த இடங்களில் கொட்டாவி விடுவார்கள். நிஷாவின் மனசாட்சியும் சில இடங்களில் இந்தக் காலத்துப் பிள்ளையின் மனசாட்சி மாதிரி ஒலிக்கிறது, 1947ல் ஒரு டாக்டர் வீட்டுப் பெண் மதத்தைப் பற்றி இவ்வளவு தெளிவாக யோசித்திருப்பாளா என்று எனக்கும் தோன்றியது. தோன்றினாலும் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை.

சரி, கடைசியில யார் மேல குத்தம் சொல்றாங்க? இந்துவா, முஸ்லிமா?

எதிர்பார்த்துப் படிப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். கத்தி வைக்கிறவனுக்கும் இழப்பு இருக்கிறது, இவர்களைக் காப்பாற்றும் ரஷீத் மாமா முஸ்லிம், காஸி முஸ்லிம். தலைவர்கள் பெயர்கள் பெரியவர்களின் பேச்சில் வந்து போகும், ஜின்னா, நேரு, காந்தி, ஆனால் தீர்ப்பு யாருக்கும் எழுதவில்லை. இது நழுவல் என்று ஒரு நண்பர் சண்டை போட்டார். அம்மாவும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கமாக இருக்கும் பிள்ளை யார்மேல் குற்றம் சொல்லும் என்று நான் கேட்டேன்.

காஸி கடைசியில ஜோத்பூருக்கே வந்து சேர்ந்துடுறாரே, அது ரொம்ப சினிமாத்தனமா இல்ல?

இருக்கிறது. ஒரு முஸ்லிம் முதியவர் அந்த நேரத்தில் எதிர்த்திசையில் எல்லை தாண்டி வருவது, அதுவும் சரியாக அந்த வீட்டைக் கண்டுபிடிப்பது, பெரியவர்களுக்கான நாவலாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். பன்னிரண்டு வயதுக்காரர்களுக்கு ஊரும் போய், சிநேகிதியும் போய், பேச்சும் போய், காஸியும் இல்லை என்று முடித்தால் அதுவும் ஒருவகை மிரட்டல்தான். ஆசிரியர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்று தெரிகிறது, நான் ஒத்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

முடிவு இனிப்பு அதிகம் என்று நினைப்பவர்கள் 'அமில் அண்ட் தி ஆஃப்டர்' படியுங்கள். குடும்பம் பம்பாய்க்கு வந்துவிட்டது, இம்முறை அமில் அம்மாவுக்குப் படம் வரைகிறான். தெருவில் தனியாக வாழும் விஷால் என்ற பையனோடு சிநேகிதம். தப்பிப் பிழைத்த பிறகு வாடகை, பள்ளிக்கூடம், அப்பாவின் முன்கோபம் எல்லாம் எப்படி இருக்கும் என்பதுதான் அதன் விஷயம். முதல் புத்தகத்தின் பயணம் இதில் இல்லாததால் மெதுவாகப் போகும்.

இதெல்லாம் வடக்கத்திக் கதை. சென்னைல இருக்கிற பிள்ளைக்கு என்ன சம்பந்தம்?

மயிலாப்பூர் ராதாகிருஷ்ணன் சாலையில் சூஃபிதார் என்று ஒரு இடம் இருக்கிறது, பல பேர் தாண்டிப் போயிருப்பீர்கள். சிந்துவிலிருந்து அகதியாக வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கியது. உள்ளே இந்துச் சாமி படங்களும் சூஃபி மகான்களும் குருநானக்கும் சேர்ந்து இருப்பார்கள். ரமலான் மாதத்தில் திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலில் நோன்பு திறக்கிறவர்களுக்கு இங்கேயிருந்துதான் சாப்பாடு சமைத்துப் போகிறது, சிந்தி இந்துக்கள் தலையில் தொப்பி வைத்துக்கொண்டு பரிமாறுவார்கள். பல வருடங்களாக நடக்கிறது.

நிஷாவின் வீட்டில் இந்து டாக்டரும் முஸ்லிம் சமையல்காரரும் முஸ்லிம் மனைவியும் எப்படி ஒரே கூரையில் இருந்தார்கள் என்று சந்தேகப்படுகிற பிள்ளையை அங்கே ஒரு ரமலான் சாயங்காலம் கூட்டிப்போங்கள்.

எங்க பாட்டி சின்ன வயசுல பர்மாவுல இருந்து கப்பல்ல வந்தவங்க. இப்படி ஒரு கதையா எழுதணும்னு ஆசை, ஆனா கேட்டா "அதெல்லாம் இப்ப எதுக்கு"ன்னு எந்திரிச்சுப் போயிடுறாங்க.

எல்லாப் பாட்டிகளும் அப்படித்தான் எழுந்து போவார்கள். 1942ல் ரங்கூனிலிருந்து காடு மலை தாண்டி நடந்தே வந்த குடும்பங்கள், 1964ல் அங்கே கடைகளை அரசுடைமை ஆக்கியபோது கப்பலேறியவர்கள், அதே வருடம் போட்ட சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் என்று நம் பக்கத்திலும் சரக்குக்குப் பஞ்சமில்லை. குழந்தைகளுக்கான நாவலாக வந்தவை எனக்குத் தெரிந்து குறைவு, அதனால் எழுதுங்கள்.

"என்ன நடந்தது" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. கப்பலில் என்ன சாப்பாடு போட்டார்கள், என்ன பாத்திரத்தில், எந்தப் பொம்மையை விட்டுவிட்டு வந்தீர்கள், இறங்கினதும் முதல் ராத்திரி எங்கே படுத்தீர்கள், பள்ளிக்கூடத்தில் இங்குள்ள பிள்ளைகள் உங்களை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நேரம் கொடுங்கள். பாட்டி சொல்லாத இடங்களை நீங்கள் கட்டிக்கொள்ள வேண்டியதுதான், அப்படிக் கட்டியதைப் பாட்டி பெயரிலேயே நடந்த மாதிரி எழுதாமல் வேறு பெயர் வையுங்கள், எது நடந்தது எது கட்டியது என்று கடைசியில் ஒரு பக்கம் தனியாகச் சொல்லிவிடுங்கள். அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால் பாட்டியிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள், "அப்படி இல்லைடி, நடந்தது வேற" என்று அப்போதுதான் அவர் ஆரம்பிப்பார், கையில் பேனா வைத்துக்கொள்ளுங்கள்.